முழுங்காதே, துப்பு

பங்குனி மாசக் கோயில் பொங்கலை ஒட்டி வருசா வருசம் அருப்புக்கோட்டையில் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கும். திருச்சுழியில் கிளம்பி டவுனுக்குள் வந்து முடிகிற பத்து மைல் ஓட்டம். நோட்டீசில் ‘மாபெரும் மாரத்தான்’ என்று போடுவார்கள். மாரத்தான் என்றால் இருபத்தாறு மைல் என்பது கமிட்டியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நோட்டீசை மாற்றியிருக்க மாட்டார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு மைல்கூட ஓடாமல் பேர் வாங்கிய ஒரே ஆள் பூலாங்குளத்து ராமசுப்பு.

நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, ஒரு பெண்டாட்டி, ஒரு கேரியர் வைத்த சைக்கிள். இதுதான் அவன் சொத்து. மழை பெய்தால் பருத்தியும் கொத்தமல்லியும் போடுவான். பெய்யாத வருசம் ஊர்க் காரியத்துக்கு அலைவான். அந்தப் பக்கத்தில் மழை எத்தனை வருசம் பெய்தது என்று பார்த்தால் அவன் எவ்வளவு அலைந்திருப்பான் என்று தெரிந்துவிடும். கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இழவு வீடு என்றால் பிணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற சாதி ஆள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

“சொந்தக் காட்டுல களையெடுக்கக் கூப்பிட்டா இடுப்பு வலிக்கும். ஊரான் ஓடுறதுக்குத் தண்ணி சொமக்கணும்னா மட்டும் கோழி கூப்பிட எந்திரிச்சிருவாக” என்று அவன் பெண்டாட்டி சோலையம்மாள் வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொல்வாள். அவன் காதில் வாங்கமாட்டான். ஒரு வெள்ளை பனியனும் அதில் சிவப்பு எழுத்தில் ‘தொண்டர்’ என்ற வார்த்தையும் கழுத்தில் ஒரு விசிலும் கமிட்டி கொடுத்திருந்தது. அந்த விசில் கழுத்தில் கிடக்கும் ஒரு நாளுக்காக அவன் மிச்ச முன்னூற்று அறுபத்து நாலு நாளையும் ஓட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

எண்பத்திரண்டில் தொடங்கியது அந்தச் சேவை. ஓடுகிறவர்களுக்குப் பக்கத்தில் சைக்கிளில் போய்த் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். மொத்தம் ஏழு சைக்கிள். மற்ற ஆறு பேரும் சொம்பும் டம்ளருமாக வந்து, பாதி வழியிலேயே தண்ணீரையெல்லாம் சிந்திவிட்டு வெறும் சொம்போடு வந்து சேர்ந்தார்கள். ராமசுப்பு மட்டும் கேரியரில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனைக் கட்டி, அதன் மூடியில் ஓட்டை போட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பை அதில் சொருகி வந்தான். டியூப்பின் நுனியைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாக நசுக்கிப் பிடித்திருப்பான். ஓடுகிறவன் வாயைத் திறந்தால் விரலை நெகிழ்த்துவான். ஒரு மடக்கு போனதும் நசுக்கிவிடுவான். ஒரு சொட்டுக் கீழே விழாது. முன்னால் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பு அன்றிலிருந்து அவனுக்கே என்று ஆனது.

கொடுத்த தண்ணீரை அவன் குடிக்க விடமாட்டான். அதுதான் விசயம்.

வாயில் வாங்கணும், கொப்பளிக்கணும், துப்பணும். அவன் விசில் ஊதுவான். ஊதினதும் துப்பிவிட வேண்டும். முழுங்கினால் ஆளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடும்படி கமிட்டிச் செயலாளர் காளிராஜிடம் சொல்லி அதையும் ஒரு விதியாக நோட்டீசில் ஏற்றிவிட்டான். தலையில் ஊற்றவும் விடமாட்டான். சூட்டோடு ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்பான்.

இந்த ஞானம் அவனுக்கு மாட்டிடமிருந்து வந்தது. அவன் அய்யா மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டியவர். ஓடி வந்த மாட்டுக்குச் சூடு ஆறுகிறவரை தண்ணீர் காட்ட மாட்டார்கள். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுவதோடு சரி. ராமசுப்புவுக்கு எட்டு வயசில், கோப்பை ஜெயித்து வந்த காளை ஒன்று கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வாய் வைத்து, வயிறு ஊதி விழுந்து செத்தது. அய்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதது அவன் நெஞ்சில் அப்படியே கிடந்தது. “மாட்டுக்கு ஆகாதது மனுசனுக்கு எப்படிலே ஆகும்?” என்று கேட்பான். கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஏனென்றால் ஊரில் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். வெயிலில் ஓடி வந்த பிள்ளை தண்ணீர் கேட்டால், ‘சூட்டோட குடிச்சா நெஞ்சை அடைச்சிரும், செத்த நேரம் பொறு’ என்று சொல்லாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. ஊர் நினைத்ததை அவன் விசில் வைத்துச் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு வருசம் ஒன்றும் ஆகவில்லை. பந்தயம் காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடிந்துவிடும். பத்து மைலைத் துப்பிக்கொண்டே ஓடித் தீர்த்துவிடலாம். ராமசுப்புவுக்கு வருசம் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

எண்பத்தெட்டில் தலைமை தாங்க வரவேண்டிய பிரமுகர் வர நேரமாகிவிட்டது. அவுக வராமல் கொடியசைக்க முடியாது என்று காளிராஜ் சொல்லிவிட்டார். ஓட வந்த முப்பத்திரண்டு பேரும் வெறும் வயிற்றோடு திருச்சுழி ரோட்டில் நின்றார்கள். பிரமுகர் ஒன்பதரைக்கு வந்தார். வந்தவர் விளையாட்டின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நிழலில் நின்றுதான் பேசினார். கொடி அசையும்போது பத்தேகால்.

அந்த வருசம் ஜெயிக்கப் போகிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆவாரங்குளத்து மருதுபாண்டி. இருபத்தொரு வயசு. அப்பன் இல்லாத பிள்ளை. ஆத்தா கருத்தம்மாள் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் வளர்த்தாள். போலீஸ் செலக்சனுக்கு எழுதிப்போட்டிருந்தான். மாரத்தானில் முதல் பரிசு வாங்கின சர்டிபிகேட் இருந்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போன வருசம் மூன்றாவதாக வந்தவன். இந்த வருசம் தினமும் விடியுமுன் கண்மாய்க் கரையில் ஓடி ஓடிக் கரையே தேய்ந்திருந்தது. ராமசுப்புவுக்கு அவன் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். விசில் ஊதுமுன்னே துப்பிவிடுவான்.

முதல் மூணு மைலில் மருதுபாண்டி எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டான். கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கைத் தாண்டும்போது பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ராமசுப்பு டியூப்பை நீட்டினான். வாங்கினான், கொப்பளித்தான். துப்பாமல் கன்னத்தில் அதக்கிக்கொண்டு கையால் சைகை காட்டினான். ராமசுப்பு விசில் ஊதினான். துப்பிவிட்டுச் சொன்னான்:

“அண்ணே, ஒரே ஒரு மடக்கு முழுங்கிக்கிறேன்ணே.”

“முழுங்கினா போச்சுலே. நெஞ்சடைச்சிரும். ஓடு, ஓடு.”

அது முதல் தரம்.

ஐந்தாவது மைலில், ஊருக்குப் பாதை பிரிகிற ஆவாரங்குளம் விலக்கு. ஊர்ச்சனமே ரோட்டில் நின்றது. கருத்தம்மாள் தலையில் குடத்தோடு நின்றாள். ஊர்க் கிணற்றில் காலையில் வரிசையில் நின்று இறைத்த நல்ல தண்ணீர். மகன் வருவதைப் பார்த்துக் குலவை போட்டுக்கொண்டே குடத்தை இறக்கினாள். ராமசுப்பு சைக்கிளை முன்னால் விட்டுக் குறுக்கே மறித்தான்.

“அக்கா, தள்ளு! தண்ணி குடுத்தேன்னா உன் பிள்ளைய விலக்கிருவாக. அதோட அவன் உசுருக்கும் ஆகாது. குடத்தைத் தூக்கு!”

அவள் பயந்துபோய்க் குடத்தைச் சேலையால் மூடினாள். மருதுபாண்டி குடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினான். தாண்டி ஒரு பர்லாங்கு போனதும், “அண்ணே, ஆத்தா கொண்டாந்த தண்ணியாச்சும்…” என்றான். ராமசுப்பு, “வாயைத் திறந்து பேசாத, மூச்சு போயிரும்” என்றான். அது இரண்டாவது.

செங்கல் சூளைக்கு வரும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. தார் இளகிச் செருப்பில்லாத காலில் ஒட்டியது. கரிசல் காட்டு வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். மருதுபாண்டி, “அண்ணே, கண்ணு இருட்டிட்டு வருது. குடுங்கண்ணே” என்றான். ராமசுப்பு கொஞ்சம் யோசித்தான். யோசித்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விரல் நெகிழத்தான் பார்த்தது. வயிறு ஊதின காளை ஞாபகம் வந்தது. விதியைப் போட்டவனே விதியை மீறினான் என்று பின்னால் வருகிற சைக்கிள்காரன் பார்த்துவிடுவானே என்பதும் வந்தது. “இன்னும் ரெண்டரை மைலுதாம்லே. பல்லைக் கடிச்சுக்க” என்றான். அது மூன்றாவது.

சூளையைத் தாண்டி அரை மைல் போனதும் பையனின் உடம்பில் வேர்வை நின்றுபோனது. தோல் காய்ந்து உப்புப் பூத்துக் கிடந்தது. ராமசுப்புவுக்கு ஒரே சந்தோசம். பின்னால் வந்த சைக்கிள்காரனுக்குக் கேட்கும்படி கத்தினான்:

“பாத்தியாலே! வேர்வை அடங்கிருச்சு! தண்ணியே வேண்டாம்னு உடம்பு சொல்லிருச்சு! இனிப் பறப்பான் பாரு!”

டவுன் எல்லையில், பஞ்சு குடோன்களுக்குப் பக்கத்தில், மருதுபாண்டி பேசவில்லை. பேச நாக்கு வரவில்லை. ஓடிக்கொண்டே வலது கையைக் குழித்து நீட்டினான். கோயில் வாசலில் கையேந்துவார்களே, அப்படி. ராமசுப்பு டியூப்பை நசுக்கினபடியே சைக்கிளை இரண்டு மிதி மிதித்து எட்டப் போய்விட்டான். கைக்குள் இருந்தால் பையன் பறித்துக் குடித்துவிடுவான் என்று பயம். அது நாலாவது.

முடிவுக் கயிற்றுக்கு இருநூறு கஜம் இருக்கும்போது மருதுபாண்டி ரோட்டின் குறுக்கே கோணல்மாணலாக ஓடினான். சனம் கைதட்டியது, சில பேர் சிரித்தார்கள். அப்புறம் டீக்கடை நாகஜோதியின் பெஞ்சுக்கு முன்னால் முகம் குப்புற விழுந்தான். நாகஜோதி புருசனை விட்டுவிட்டுத் தனியாகக் கடை போட்டிருந்தவள். பதறி ஓடிவந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தாள். “குடுக்காத! ஏ பொம்பள, குடுக்காத!” என்று ராமசுப்பு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டான். அதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. தொண்டைக்குழி ஏறி இறங்கியதை இருநூறு பேர் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் மாட்டுவண்டி நுழையும்போது உயிர் இல்லை.

இருநூறு பேர் பார்த்த சாட்சி. தண்ணீர் குடித்தான், செத்தான். பத்து மைல் குடிக்காமல் ஓடினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மடக்கு முழுங்கினான், போய்விட்டான். ராமசுப்பு சொன்னது எவ்வளவு சரி! வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊர் இதையே மென்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி நாகஜோதி தலையில் விழுந்தது. அவள் கடையில் டீ குடிக்க ஆள் வரவில்லை. கருத்தம்மாள் எட்டாம் நாள் நடந்தே டவுனுக்கு வந்து, ரோட்டுப் புழுதியை இரண்டு கையாலும் அள்ளி அந்தக் கடை அடுப்பில் கொட்டி, “என் குடி கெட்ட மாதிரி உன் குடியும் கெடட்டும்” என்று சாபம் விட்டாள். அந்த மாசமே நாகஜோதி கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கருத்தம்மாள் பூலாங்குளத்துக்கு வந்தாள். ராமசுப்பு, அடிக்க வருகிறாளோ என்று எழுந்து நின்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தம்பி, கூடவே வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னியாமே. கடைசில அந்தச் சண்டாளி கையால முழுங்கிட்டானே. உன் பேச்சை மீறிட்டான்னு மனசுல வச்சுக்கிறாத. செத்த பிள்ளை, மன்னிச்சிரு.”

ராமசுப்பு தலையை ஆட்டினான்.

“நல்லவேளை, நீ மறிச்சே. இல்லேன்னா என் கையாலேயே குடுத்திருப்பேன். அந்தப் பாவம் என்னைச் சேரல. அதை நெனைச்சுத்தான் தம்பி நான் உசுரோட இருக்கேன்” என்றாள். அப்புறம், “வழியில எதாச்சும் கேட்டானா? என்னமும் சொன்னானா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் கேக்கலக்கா. சிரிச்சுக்கிட்டே ஓடினான்.”

பொய் என்று அவன் நினைக்கவில்லை. செத்தவன் ஆத்தாளுக்கு ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தான். அடுத்த வருசம் அவனுக்குத் துண்டுக்குப் பதில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆவாரங்குளம் விலக்கில் கருத்தம்மாள் குடத்தோடு நின்றாள். ஓடுகிற பிள்ளைகளுக்கு மகன் பேரில் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொருத்தன் வாயிலும் ஊற்றி, தாடையைப் பிடித்துக்கொண்டு, “முழுங்காதப்பா, துப்பு. என் தங்கம், துப்பு” என்று கெஞ்சினாள். முதலாவதாக வந்தவன்கூட நின்று துப்பிவிட்டுத்தான் போனான். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ராமசுப்புவும் விட்டான்.

தொண்ணூற்றொன்றில் முதலுதவிக் கூடாரத்துக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். பிருந்தா என்று பேர், சின்ன வயசு. ஓட்டம் தொடங்குமுன் ராமசுப்பு தன் கேனையும் டியூப்பையும் அவளிடம் பெருமையாகக் காட்டி, விசில் விசயத்தையும் சொன்னான். அவள் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“யாருங்க இதைச் சொன்னது உங்களுக்கு? ஓடுறவங்க வயிறாரக் குடிக்கணும்ங்க. தலையில, கழுத்துல ஊத்தணும். மனுசன் உடம்பு வேர்த்துத்தான் சூடு ஆறும். குடிக்காம எதை வச்சு வேர்க்கும்?”

ராமசுப்பு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டான்: “அம்மா, ஓடிக்கிட்டே இருக்கிற ஆளுக்குத் திடீர்னு வேர்வை நின்னுபோச்சுன்னா? தோல் காஞ்சுபோச்சுன்னா?”

“அந்த இடத்துலயே நிறுத்திப் படுக்க வச்சு, உங்க கேன்ல இருக்கிறது அத்தனையும் மேல ஊத்தணும். இல்லேன்னா செத்துருவான்.”

“ஒரு மடக்கு முழுங்குனதுனால சாவானா?”

“அந்த ஒரு மடக்கா கொல்லும்? முன்னாடி குடுக்காத அத்தனை மடக்கும் சேர்ந்து கொல்லும்.”

அவளுக்கு மருதுபாண்டி கதை தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க மாட்டாள். ராமசுப்பு விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் கட்டிக்கொண்டான். அவன் கேனில் அன்று ஐந்து லிட்டர் இருந்தது. எண்பத்தெட்டில் பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அதே கேனில் நாலு லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்ததும், அதைச் சோலையம்மாள் எருமைக்குக் காட்டியதும் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அந்த வருசமும் பந்தயம் நேரத்துக்குத் தொடங்கவில்லை. ராமசுப்பு சைக்கிளை மிதித்துக்கொண்டே, “குடிங்கலே! முழுங்குங்க! நல்லா முழுங்குங்க!” என்று கத்தினான். ஒருத்தனும் முழுங்கவில்லை. வாங்கினார்கள், கொப்பளித்தார்கள், அவன் சைக்கிள் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே துப்பினார்கள். “என்னண்ணே, ஆழம் பாக்கியளா? முழுங்கினா விலக்கிருவியல்ல” என்று ஒருத்தன் சிரித்தான். ஒன்பது வருசம் சொல்லிக் கொடுத்த பாடம். பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.

முன்னால் ஓடியவன் வீரசோழன் ஊரைச் சேர்ந்த ஒரு பையன். ஆவாரங்குளம் விலக்கை நெருங்கும்போது அவன் கால் பின்னியது. ராமசுப்பு முதுகைப் பார்த்தான். தோல் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, கேனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அதற்குள் பையன் கருத்தம்மாளிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் அவன் வாயில் ஊற்றி, வழக்கம்போலத் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பையன் முழுங்கப் பார்க்கிறான், அவள் விடவில்லை. “துப்புய்யா! என் சாமி, துப்பு! ஒரு பிள்ளையப் பறிகுடுத்தவ சொல்றேன், துப்பு!”

“விடுக்கா! குடிக்கட்டும்!”

“உனக்கென்ன கிறுக்கா? நீ சொல்லிக் குடுத்ததுதானே?”

ராமசுப்புவுக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லிப் பையனை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். டாக்டர் கூப்பிடுகிறார் என்றால் போதும். பையனும் பிழைத்திருப்பான், அவளும் பிழைத்திருப்பாள். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. மூணு மணி நேரமாக நெஞ்சுக்குள் வைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது வாயில் வந்துவிட்டது.

“மருது குடிச்சுச் சாகலக்கா! நான் குடுக்காம செத்தான்!”

அவள் கை தானாக விட்டது. பையன் குடத்தில் முகத்தை வைத்துக் குடித்தான். ராமசுப்பு அவனை ரோட்டோர வேப்பமரத்தடியில் படுக்கவைத்து, கேன் தண்ணீரை முழுக்கத் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் பையன் வாந்தி எடுத்தான், கண்ணைத் திறந்தான், பந்தயம் போச்சே என்று அழுதான். மற்றவர்கள் ஓடிக்கொண்டே போனார்கள்.

கருத்தம்மாள் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“அப்ப அவன் கேட்டானா?”

“கேட்டான்.”

“எத்தன தரம்?”

அவனுக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. “நாலு தரம்க்கா.”

“இந்த எடத்துல?”

“இந்த எடத்தைத் தாண்டித்தான் ரெண்டாவது. ஆத்தா கொண்டாந்த தண்ணியாச்சும் குடுன்னான்.”

அவள் அழவில்லை. குடத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் குடத்தை மூடிய கை எது என்று பார்ப்பது போல இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். “அந்த டீக்கடைப் புண்ணியவதி அடுப்புல மண்ணை அள்ளிப் போட்டேனே” என்றாள். அவ்வளவுதான். எழுந்து ஊருக்குள் போனாள். குடம் ரோட்டிலேயே கிடந்தது. சாயங்காலம் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கும்தான். இறங்கி அடுத்தவர் தலையில் ஏறும். அவள் உயிரோடு இருக்கப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு, ‘என் கையால் கொடுக்கவில்லை’ என்பது. அதை அவன் முறித்துக் கையில் கொடுத்துவிட்டான். கையில் குடத்தோடு நின்று, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் மூடிவைத்தவள் என்று அவளுக்கு அவளே பேர் வைத்துக்கொண்டாள்.

கமிட்டிக்காரர்கள் ராமசுப்புவின் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “வெயில்ல மூளை கலங்கிருச்சு” என்றார் காளிராஜ். அடுத்த வருசம் பந்தயத்தையே நிறுத்திவிட்டு வாலிபால் போட்டி வைத்தார்கள். அதற்குத் தொண்டர் தேவைப்படவில்லை.

பூலாங்குளத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போக ஆவாரங்குளம் விலக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். வித்து வாங்க, உரம் வாங்க, மல்லி மூட்டை போட என்று மாசத்தில் நாலைந்து தடவை ராமசுப்பு சைக்கிளில் போவான். கருத்தம்மாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவன் சைக்கிள் தெரிந்ததும் எழுந்து நிற்பாள்.

“ஏலே ராமசுப்பு. எத்தன தரம்?”

முன்பு தம்பி என்று கூப்பிட்டவள். அவன் சைக்கிளை விட்டு இறங்கி, ஒற்றைக்காலை மட்டும் தரையில் ஊன்றாமல் இரண்டு காலிலும் நின்று சொல்வான்.

“நாலு தரம்க்கா.”

“சரி, போ.”

வேறு ஒரு வார்த்தை கிடையாது. திட்டமாட்டாள், சபிக்கமாட்டாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அவனைக் கண்டால், “எத்தன தரம்?” என்று கத்திவிட்டு ஓடும். சோலையம்மாள் ஒருநாள் பொறுக்காமல், “பஸ்ஸுல போயித் தொலைச்சா என்ன? சன்னலை மூடிக்கிட்டு உக்காந்துக்கிடலாம்ல?” என்றாள். மறுநாளும் அவன் சைக்கிளைத்தான் எடுத்தான்.

ஆறு வருசம் இப்படிப் போனது. கணக்குப் பார்த்தால் முன்னூறு தடவைக்கு மேல் அவன் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பான். ஒன்றிரண்டு தடவை ‘அக்கா, போதும்க்கா’ என்று சொல்ல வாய் வந்ததுண்டு; சொன்னதில்லை. நாலு தரம் கேட்டவனுக்கே கொடுக்கவில்லை, தான் எந்த மூஞ்சியோடு கேட்பது என்று நினைத்திருப்பான்.

தொண்ணூற்றேழு ஆனியில் கருத்தம்மாள் படுத்துவிட்டாள். சோறு இறங்கி ஐந்து நாளாகிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆள் சொல்லிவிட்டார்கள். ராமசுப்பு மத்தியானம் போனான். வீட்டுக்குள் பத்துப் பேர் இருந்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிர் நிம்மதியாகப் போக, வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத ஒரு அசலூர்க்காரி, “வாங்கண்ணே, நீங்களும் ஒரு வாய் ஊத்துங்க” என்று கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டாள். விவரம் தெரிந்தவர்கள் தடுக்கவில்லை.

அவன் குனிந்தான். கரண்டி அவள் பல்லில் இடித்தது. கண் மூடியபடியே அவள் வாயைத் திறந்தாள். பால் உள்ளே போனது. தொண்டைக்குழி அசையவில்லை. கன்னம் இரண்டும் லேசாக உப்பி அடங்கின. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒரு கொப்பளிப்பு. பிறகு தலையை அவன் பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, அத்தனை பாலையும் துப்பினாள். அவன் சட்டைக்கைமேல் விழுந்தது.

“முழுங்க முடியல போல, பாவம்” என்றாள் அசலூர்க்காரி. கரண்டியை வாங்கித் தானே ஊற்றினாள். அந்த மடக்கைக் கருத்தம்மாள் முழுங்கினாள். அடுத்தவள் ஊற்றினதையும் முழுங்கினாள்.

ராமசுப்பு கைகட்டி நின்றான். “நாலு தரம்க்கா” என்றான். கட்டிலில் கிடந்தவள் எதுவும் கேட்டிருக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.